தூரத்துப் பறவையும் துலங்கும் கண்ணும்

கமரா ஒன்று கையில் இருப்பின் மனிதரைப் படம் பிடிப்பது பெரிய காரியமன்று. 'சற்றே நில்லுங்கள்' என்றால் நிற்பார்கள். 'சிரியுங்கள்' என்றால், சிரிப்பு வராதவர்களுங்கூடப் பல்லைக் காட்டுவார்கள். பறவைகளிடத்தில் இந்த உபசார வார்த்தைகள் எவையும் செல்லா. நாம் ஓரடி முன்வைத்தால் அவை பத்தடி விலகிப் போகும். ஆகையினாலேதான் பறவைகளைப் படம் பிடிக்க விரும்புவோர் அனைவரும், தொலைவில் உள்ளதை அருகிற் காட்டும் நீண்ட வில்லைகளை நாடவேண்டியிருக்கிறது. அத்தகைய வில்லையொன்றை வாங்கிக் கமராவிற் பூட்டிவிட்டாற் போதும், இறகுகளெல்லாம் எண்ணத்தக்கனவாகப் படத்தில் வந்து விழும் என்று நினைப்போர் பலர். கடையிலே விற்பனை செய்வோரும் அந்த நினைப்பைக் கலைப்பதில்லை. வாங்கிய முதல் வாரத்திலேயே உண்மை புலனாகிவிடும். படம் வந்திருக்கும், பறவையும் வந்திருக்கும், தெளிவு மாத்திரம் வந்திராது. அந்தத் தெளிவு எங்கே போகிறது, அதனை எவ்வாறு மீட்பது என்பதே இன்று வாசகர்களோடு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நீண்ட வில்லைகள் எளிதிற் கிடையாத காலத்தில் இக்கலையில் இறங்கியோர் பட்ட பாடு, நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. இங்கிலாந்திலே ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னுஞ் சகோதரர் இருவர் 1892 ஆம் ஆண்டில் ஒரு பறவையின் கூட்டை முட்டைகளோடு படம் பிடித்து இம்முயற்சியைத் தொடங்கினர். பின்னர், பறவைகளை அணுகுவதற்காக உள்ளே கூடாக்கப்பட்ட மாட்டுத் தோலொன்றைச் செய்வித்து, அதனுள் ஒளிந்திருந்து படமெடுத்தனர். மாடொன்று நிற்கிறது என்று பறவைகள் எண்ணியிருக்க, அதன் வயிற்றுக்குள்ளே மனிதர் ஒருவர் வியர்த்துக்கொண்டிருந்தார். அதே நாட்டினரான எரிக் ஹொஸ்கிங் 1937 இல் ஆந்தையொன்று தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தார். இழந்தபின்னரும் மற்றைக் கண்ணைக் கொண்டே பல்லாண்டுகள் பறவைகளைப் படமெடுத்தார். தமிழருள்ளும் இத்துறைக்கு ஒரு பெரியவர் உளர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட கமராவைக் கொண்டு, காட்டு விலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையிலே படமாக்கி வைத்துப் போனார். அவர்கள் யாவரும் கையினாலேயே குவியத்தைச் சரிசெய்தனர். வில்லையைத் தானாகவே குவிக்கும் பொறியைத் தன் உடலுக்குள்ளேயே கொண்ட 'மினோல்ற்றா 7000' என்னும் கமரா சந்தைக்கு வந்தது 1985 இலே தான்.

பொறி வந்துவிட்டதே, இனிக் குறை ஏது என்று கேட்கலாம். குறை பொறியில் மாத்திரம் இல்லை. நீண்ட வில்லையின் இயல்பிலேயே இருக்கிறது. அது தொலைவைச் சுருக்கும்போது, தெளிவின் ஆழத்தையும் உடன் சுருக்கிவிடுகிறது. 400 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய ஒரு வில்லையை எடுத்துக்கொள்வோம். அதன் துவாரம் 5.6 என்னும் அளவிலே திறந்திருக்க, 10 மீற்றர் தொலைவிலுள்ள ஒரு பறவையை நோக்குகிறோம் என்க. அப்பொழுது, முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர், அஃதாவது ஒரு சாண் அளவே படத்தில் தெளிவாக அமையும். அதே பறவை தானாகப் பறந்து 5 மீற்றருக்கு வந்து அமர்ந்துவிட்டால் நாம் மகிழ்வோம். ஆனால் அந்த ஒரு சாண் இப்பொழுது 5 சென்ரிமீற்றராகிவிட்டது. தொலைவு பாதியானால் ஆழம் காற்பங்காகும் என்பது கணக்கு. பெருஞ் செல்வர்கள் வாங்கும் 600 மில்லிமீற்றர் வில்லையில், துவாரம் 4 என்ற அளவில் திறந்திருந்தால், 10 மீற்றரிலேயே 7 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதிக விலை கொடுத்தவர் அதிகச் சிரமத்தையும் சேர்த்தே வாங்குகிறார்! இக்கணக்குகளும் சாதாரண அளவில் அச்சிட்டுப் பார்க்கும் படத்துக்கே பொருந்துவன. பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு இதிலும் குறைவாகவே கிடைக்கும்.

இவ்வளவு சிறிய இடத்துக்குள் பறவையின் எந்த உறுப்பை நிறுத்துவது? சிறு மீன்கொத்தியை எடுத்துக்கொண்டாலும், அலகு நுனி தொடக்கம் வால் வரைக்கும் 16 சென்ரிமீற்றர் இருக்கிறது. அது எம்மை நோக்கித் திரும்பி அமர்ந்திருப்பின், ஐந்து மீற்றர் தொலைவிலே அதன் முழு உடலும் தெளிவாக வருவது இயலாத காரியம். ஆதலால் எதையேனும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வாலை விட்டுக்கொடுக்கலாம், சிறகையும் விட்டுக்கொடுக்கலாம், கண்ணை மாத்திரம் விட்டுக்கொடுத்தல் ஆகாது. கண் துலங்கினால் மற்றவை மங்கியிருந்தாலும் பறவை உயிரோடு இருக்கும். கண் மங்கி, மார்பு இறகுகள் ஒவ்வொன்றும் துல்லியமாக அமைந்திருந்தாலும், அது பஞ்சடைத்து நூதனசாலையில் வைத்த பறவையாகவே தோற்றும்.

இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியவர் படப்பிடிப்பாளர் எவருமல்லர், எமது தந்தையார். அவருக்கு வயது 88. ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பின்பும், கடனீரேரி ஓரமாக நடந்து தாம் கண்ட பறவைகளைத் திகதியிட்டுக் கொப்பிகளில் எழுதி வைப்பது அவருடைய வழக்கம். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு முதல் ஐந்து கொப்பிகள் போயின. அதன் பின்னர் மறுபடியும் தொடங்கி எழுதினார். இப்பொழுது கால்கள் தளர்ந்துவிட்டன. கண்ணின் நடுப்பார்வையும் மங்கிவிட்டது. நேரே நோக்கினால் நடுவிலே ஒரு மேகம் நிற்கிறதாம். ஓரப் பார்வையைக் கொண்டுதான் பொருள்களைக் காண்கிறார். எனவே நாம் எடுக்கும் படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டு யன்னலோரத்தில் வைத்துக் கொடுத்தால், அவர் பறவையைப் போலவே தலையை ஒருபக்கஞ் சரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். பார்த்து, பெயரைச் சொல்வார். எமது இல்லாள் கொப்பியில் எழுதுவாள். மங்கலான படம் அவருக்கு மங்கலின் மேல் மங்கலாகிவிடும். எமக்குத் தெளிவு வேண்டியிருப்பது பரிசு பெறுவதற்காக அன்று.

எமது வளவில், வேலியோரத்துக் கம்பியிலே வந்து குந்தும் வெண்மார்பு மீன்கொத்தி ஒன்றுண்டு. கொழும்பிலே கைமாறி வாங்கிய 400 மில்லிமீற்றர் வில்லை வந்து சேர்ந்ததும், முதற் படமாக அதனையே எடுத்து அச்சிட்டுக் கொடுத்தோம். தந்தையார் வழக்கம்போலத் தலையைச் சரித்துப் பார்த்தார். 'நல்ல வடிவான வேலி. ஆருடைய வேலி, தம்பி?' என்றார். நாம் மறுமொழி சொல்லுமுன்னரே, 'குருவி இருக்குது. கண்ணைத்தான் காணேல்லை' என்று முடித்தார்.

உண்மைதான். பறவைக்கு ஒரு சாண் பின்னாலிருந்த கிடுகு வேலியில் ஓலையின் இழை ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாக இருந்தது. கமராவின் குறியோ பறவையின் தலையின்மேலேதான் வைக்கப்பட்டிருந்தது. அந்தக் குறி எங்கே நின்றது என்பதைக் கமராவே படத்தோடு பதிந்து வைத்திருந்தது. கை நடுங்கியிருந்தால் வேலியும் சேர்ந்து மங்கியிருக்க வேண்டும். பறவை அசைந்திருந்தால், வேலியின் தெளிவு அதற்குச் சான்றாகாது. ஆனால் அடுத்தடுத்து எடுத்த பன்னிரண்டு படங்களிலும் வேலியே வென்றிருந்தது. பறவை பன்னிரண்டு முறையும் ஒரேவிதமாக அசைந்திருக்க முடியுமா? ஆகவே வில்லையும் கமராவும் தம்முள் ஒத்துப்போகவில்லை என்பதே முடிவு.

இதனைச் சோதிக்கும் முறை மிக எளிது. மாணவர்கள் ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பலகையொன்றில் பத்திரிகைத் தாளை ஒட்டி நேராக நிறுத்தினோம். அதன் பக்கத்திலே, தந்தையார் பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் கொண்டுவந்த ஒரு மீற்றர் அளவுகோலைச் சரிவாகச் சாய்த்து வைத்தோம். கோலின் நடுப்பகுதி பத்திரிகைத் தாளுக்கு நேரே நின்றது. பத்து மீற்றர் தள்ளி முக்காலியில் கமராவை அமர்த்தி, துவாரத்தை முழுவதுந் திறந்து, தாளின் எழுத்துகளில் குறிவைத்துப் பத்துப் படங்கள் எடுத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் வில்லையின் குவியத்தை வேண்டுமென்றே குலைத்துவிட்டு, பொறி புதிதாகத் தேடும்படி செய்தல் அவசியம். பெரிதாக்கிப் பார்த்தபோது தாளின் எழுத்துகள் மங்கிக் கிடந்தன. கோலிலோ, நடுவுக்குப் பின்னால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் தள்ளியிருந்த இலக்கங்கள் பளிச்சென்று நின்றன. வேலியின் மர்மம் துலங்கிற்று.

இதற்குக் காரணம் என்ன? ஆடி வைத்த கமராக்களில், வில்லையினூடாக வரும் ஒளியின் ஒரு பகுதி, ஆடிக்குப் பின்னாலிருக்கும் சிறிய ஆடியொன்றினால் கீழ்நோக்கித் திருப்பப்பட்டு, அடியிலே இருக்கும் குவிய உணரியைச் சென்றடைகிறது. படமோ வேறொரு தளத்தில், பின்னாலுள்ள பெரிய உணரியில் விழுகிறது. இவ்விரண்டு வழிகளும் நீளத்தில் ஒத்திருத்தல் வேண்டும். மயிரிழை வேறுபட்டாலும் கீழ் உணரி 'சரி' என்று சொல்லும் இடமும், படம் சரியாக விழும் இடமும் வெவ்வேறாகிவிடும். குறுகிய வில்லைகளில் இந்த வேறுபாடு ஆழத்துக்குள் மறைந்து போகும். நீண்ட வில்லை எதையும் மறைக்காது. நல்ல வேளையாக, இக்கமராக்கள் பலவற்றில் ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே திருத்தம் பதிந்து வைக்கும் வசதி உண்டு. குவியத்தைப் படிப்படியாக முன்னே இழுத்து, ஒவ்வொரு படியிலும் அளவுகோலைப் படமெடுத்து, மூன்றாம் நாள் மாலையில் தாளின் எழுத்தும் கோலின் நடுவும் ஒருங்கே துலங்கக் கண்டோம். ஆடியில்லாத புதிய கமராக்களில் படம் விழும் உணரியே குவியத்தையும் அளந்துகொள்வதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அத்தோடு, 2020, 2021 ஆம் ஆண்டுகள் முதலாக வந்த கமராக்கள் சில, பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து அதன்மேற் குறியை நிறுத்திக்கொள்கின்றன. வியக்கத்தக்க வித்தைதான். எனினும் நாணற் புதருக்குள் இருக்கும் பறவையைக் காட்டினால், அந்த வித்தைக்கும் சில வேளை புத்தி தடுமாறி, முன்னால் நிற்கும் நாணலையே பறவையாகக் கருதிவிடும். அப்பொழுது ஒரேயொரு சிறிய குறிப்புள்ளியைத் தெரிந்தெடுத்து, தலையின் மேல் நாமே வைப்பதுதான் வழி.

குவியம் சரியாக அமைந்தபின்னும் தெளிவைக் கெடுப்பதற்கு வேறு இருவர் காத்திருக்கின்றனர். ஒருவர் எமது கை, மற்றவர் பறவை. கையின் நடுக்கத்துக்குப் பழையவர்கள் சொன்ன கணக்கொன்று உண்டு. 400 மில்லிமீற்றர் வில்லையாயின், ஒளி விழும் நேரம் 1/400 செக்கனுக்கு மேற்படக் கூடாது என்பது அது. நடுக்கத்தைத் தணிக்கும் பொறியமைப்பு 1995 முதலாகக் கமரா வில்லைகளில் வந்துவிட்டமையால், இக்கணக்கு இப்பொழுது பெரிதுந் தளர்ந்துவிட்டது. ஆயினும், அந்தப் பொறி எமது கையைத்தான் பிடித்துக்கொள்ளுமேயன்றிப் பறவையைப் பிடித்து வைக்க மாட்டாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை, 1/1000 செக்கனில் 14 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். 1/2000 செக்கனிலும் 7 மில்லிமீற்றர் நகரும். கமராவும் அதனோடு ஒருங்கே திரும்பினால் உடலின் நகர்வு பெரும்பாலும் ஈடாகிவிடும்; சிறகடிப்பு ஈடாகாது. எனவே பறக்கும் பறவைக்கு 1/2000 செக்கனோ அதனிலுங் குறைவோ வைப்பதே நமது வழக்கம். கரையிலே நடந்து இரை பொறுக்கும் சிறு பறவைகளுக்கும் 1/1000 செக்கன் வேண்டும். அவற்றின் தலை தையல் மெசினின் ஊசியைப்போல ஏறியிறங்கும்.

நேரத்தைக் குறைத்தால் ஒளி குறையும். துவாரத்தை 8 என்ற அளவுக்கு ஒடுக்கித் தெளிவின் ஆழத்தைக் கூட்ட நினைத்தால் ஒளி இன்னும் பாதியாகும். குறையை ஈடுசெய்வதற்கு உணரியின் உணர்திறனை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் படம் முழுவதும் மணல் தூவியதுபோலப் பொடிப் புள்ளிகள் தோன்றும். புள்ளி விழுந்துவிடுமே என்று அஞ்சி நேரத்தை நீட்டுபவர்களைக் காண்கிறோம். அவர்களுடைய அச்சம் எமக்கு விளங்குவதில்லை. பொடிப் புள்ளிகளுக்குப் பின்னால் பறவையின் கண் இருக்கிறது. அசைவினால் மங்கிய படத்தின் பின்னால் ஒன்றுமே இல்லை.

மன்னாருக்குப் போகும் வழி, 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தவருக்குச் சுருங்கிவிட்டது. விடியுமுன்னர் புறப்பட்டுப் பூநகரி வழியாகச் சென்றால், மன்னார்த் தாம்போதியை அடையும்போது வெயில் இன்னும் ஏறியிராது. அதன் தென்புறமாக விரிந்து கிடக்கும் சதுப்பும் கடனீரேரியும் சேர்ந்த நிலப்பரப்பு 2008 இல் வங்காலைச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்க்கப்பட்டது. மாரிகாலத்தில் அங்கே வரும் வாத்துகளையும் பூநாரைகளையும் கரையோர உள்ளான்களையும் காணாதவர்கள் ஒருமுறையேனுஞ் சென்று காணல் வேண்டும். எமக்கு அங்கே கிடைத்த பெரும்பாடம் ஒன்றுண்டு. காலை ஒன்பது மணிக்கு மேல், சேற்றுத் தரை சூடேறத் தொடங்கியதும், வில்லையினூடாகப் பார்த்தால் பூநாரைகளின் கால்கள் நெளிந்து நெளிந்து ஆடும். தரையின் சூட்டினால் காற்றுப் படைகள் வெவ்வேறு அடர்த்தி கொண்டு கலங்குகின்றன. ஒளி அவற்றினூடே வளைந்து வளைந்து வருகிறது. நம் முன்னோர் கானலுக்குப் பேய்த்தேர் என்று பெயரிட்டனர். அத்தேர் ஓடத் தொடங்கியபின் எவ்வளவு விலையுயர்ந்த வில்லையாலும் பயனில்லை. இலட்சக்கணக்கிற் செலவிட்டு வாங்கிய கருவியோடு வந்து, பதினொரு மணி வெயிலில் அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பூநாரைகளைச் சுட்டுத் தள்ளிவிட்டு, வில்லையைக் குறைகூறிச் செல்லும் அன்பர்களை அங்கே கண்டிருக்கிறோம். பாவம், அந்த வில்லை என்ன செய்யும்? விடியற்காலமும் குறைந்த தூரமுமே கானலுக்கு மருந்து.

குறைந்த தூரத்தைப் பெறுவதற்குப் பறவையைத் துரத்துவது வழியன்று. காலால் நடந்து வருபவரைக் கண்டு எழும்பும் பறவைகள், நின்றுகொண்டிருக்கும் காரைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. கியர்ட்டன் சகோதரருக்கு மாட்டுத் தோல் எப்படியோ, எமக்கு மருமகனுடைய பழைய கார் அப்படி. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, யன்னல் விளிம்பில் ஒரு சிறிய துணிப்பையைப் போட்டு, அதன்மேல் வில்லையைக் கிடத்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பையினுள்ளே முக்கால் பங்கு நெல். முழுவதும் நிரப்பினால் பை உருளும். சற்றுத் தளர இருந்தால் வில்லை அதனுள் பதிந்து குழந்தை மடியிற் கிடப்பதுபோலக் கிடக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் அதிர்வு பையையும் கடந்து படத்திலே வந்துவிடும். தணிந்த இடத்திலிருந்து, பறவையின் கண்மட்டத்துக்கு அருகில் நோக்குவது இன்னும் நல்லது. ஆனால் மன்னார்ச் சேற்றில் நெஞ்சு பதியக் கிடப்பதற்கு எமது வயது இடங்கொடுப்பதில்லை. மருமகன் கிடக்கிறான்.

வடதேசங்களிலிருந்து வரும் கரையோரப் பறவைகள் மாசி, பங்குனி மாதங்களில் ஓயாது இரை பொறுக்கி உடம்பிலே கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அதுவே அவற்றின் நெடும்பயணத்துக்கு எரிபொருள். அந்நாட்களில் ஒரு கூட்டத்தை நாலுமுறை கலைத்தெழுப்பிப் பறக்கவிட்டுப் படமெடுப்பவர், அந்த எரிபொருளை வீணே எரிக்கிறார். பறக்கும் படம் வேண்டுமாயின், அவை தாமாகப் பறக்கும்வரை பொறுத்திருக்கலாம். தாம்போதியோரத்தில் ஆலாக்கள் ஓயாமற் பறந்து திரிகின்றன. பழகுவதற்கு அவையே போதும். தொடர்ந்து குவிக்கும் முறையில் கமராவை வைத்து, பறவை தூரத்தில் வரும்போதே குறியிற் பிடித்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் தொடர்ந்து வரல் வேண்டும். அண்மையிலுள்ள பொருள்களைத் தேடாதே என்று வில்லைக்குக் கட்டளையிடும் ஆளி ஒன்று அதன் பக்கத்தில் இருக்கும். பலர் அதைத் தொட்டுப் பார்ப்பதேயில்லை. அதனைப் போட்டுவிட்டால், பறவையைத் தவறவிட்ட பொறி காலடிப் புல்வரை தேடிச் சென்று திரும்பும் வீண் அலைச்சல் குறையும்.

சென்ற மாசி மாதத்தில், காரிலிருந்து 20 மீற்றர் தொலைவில், உப்புக்கொத்திக் கூட்டமொன்று இரை பொறுக்கிக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்றின் காலிலே சிறிய நிறக்கொடி ஒன்றைக் கண்டோம். பறவையியலாளர்கள் பறவைகளைப் பிடித்து, காலில் இத்தகைய கொடியை மாட்டி விடுவிக்கின்றனர். எந்த நாட்டில் மாட்டியது என்பதை நிறத்தைக் கொண்டு அறியலாம். ஆனால் எந்தப் பறவை, எந்த நாளில் மாட்டப்பட்டது என்றறிய, கொடியில் பொறித்த எழுத்தையும் இலக்கத்தையும் படிக்க வேண்டும். இலங்கை மத்திய ஆசியப் பறப்புப் பாதையில் அமைந்திருக்கிறது. இங்கே படித்துச் சொல்லப்படும் ஒரு கொடி, எங்கோ பனி உருகும் நாட்டில் இருக்கும் ஒருவருடைய குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியை நிரப்பும். தந்தையாரிடம் தொலைபேசியிற் சொன்னபோது அவர் குரல் மாறிவிட்டது. 'எழுத்தைப் பார், தம்பி. எழுத்தைப் பார்' என்றார்.

எழுத்தைப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கொடியின் உயரம் 8 மில்லிமீற்றர் என்று கொள்வோம். 20 மீற்றர் தொலைவில், 400 மில்லிமீற்றர் வில்லை அதனை உணரியின்மேல் 0.16 மில்லிமீற்றராக வரைகிறது. உணரியின் படப்புள்ளி ஒன்று ஒரு மில்லிமீற்றரின் 250 இல் ஒரு பங்கு எனின், கொடி முழுவதற்கும் 40 படப்புள்ளிகளே கிடைக்கும். அதற்குள்ளேதான் எழுத்து. குவியம் சற்றே பிசகி ஐந்தாறு புள்ளிகள் தம்முட் கலந்தாலும் எழுத்து அழிந்துபோம். பறவையோ நிற்பதில்லை; நாலடி ஓடும், குனியும், மறுபடி ஓடும். அது நிமிர்ந்து நின்ற கணங்களிலே தொடர்ச்சியாக நாற்பது படங்கள் எடுத்தோம். கண்ணிலே குறிவைத்தால், அப்பறவை பக்கவாட்டில் நிற்கும்போது காலும் அதே தளத்தில் அமையும், அதுவரை நல்லது. நாற்பதிலே மூன்று தேறின. முதலில் நிற்பவை இரண்டும் எழுத்துகள், அவற்றில் ஐயமில்லை. மூன்றாவது ஓர் இலக்கம். அது 3 ஆ, 8 ஆ?

மருமகன், மங்கிய படங்களைத் துலக்கித் தரும் கணினிச் செயலியொன்றில் அந்தப் படத்தை இட்டான். சில நொடிகளில், அச்சிட்டதுபோல அழகான ஒரு 8 வந்து நின்றது. இளையவர்கள் அதைக் கண்டு ஆர்ப்பரித்தனர். எமக்கு அந்த அழகே ஐயத்தை எழுப்பிற்று. இத்தகைய செயலிகள், முன்பு கற்றுக்கொண்ட எண்ணிறந்த படங்களைக் கொண்டு, மங்கிய இடத்தில் என்ன இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. இறகின் இழையை ஊகித்து வரைந்தால் பெருந் தீங்கொன்றுமில்லை. இலக்கத்தை ஊகித்து வரைந்தால், ஒரு பறவையின் வரலாற்றை இன்னொரு பறவையின் பெயரிலே எழுதிவிடுகிறோம். அதே மருமகன் அடுத்த படத்தை இட்டபோது, அதே செயலி அழகான ஒரு 3 ஐயும் வரைந்து காட்டிற்று.

தந்தையார் செயலி தொடாத மூன்று படங்களையும் யன்னலோரத்தில் வரிசையாக வைத்துத் தலையைச் சரித்து நெடுநேரம் பார்த்தார். 'எட்டெண்டால் இடப்பக்கம் மூடியிருக்க வேணும். இது திறந்து கிடக்குது போலத்தான் தெரியுது. ஆனால் என்ரை கண்ணை நம்பாதையுங்கோ' என்றார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் எண்ணெழுத்தைத் திருத்தியவர் சொல்லும் வார்த்தையாயினும், நாம் நம்பவில்லை. அவரும் நம்பச் சொல்லவில்லை. கொப்பியில் திகதி, இடம், பறவையின் பெயர், இரண்டு எழுத்துகள் ஆகியவற்றை எழுதச் செய்து, மூன்றாவதற்கு ஓர் இடம் வெறுமையாக விடச் சொன்னார்.

சித்திரை பிறந்துவிட்டால் அந்தக் கூட்டம் வடக்கே புறப்பட்டுவிடும். வரும் சனிக்கிழமை, நெற்பையும் முக்காலியுமாக, விடியுமுன்னர் மறுபடி மன்னாருக்குச் செல்கிறோம். மருமகன் இம்முறை சேற்றிற் கிடப்பதற்கு ஒரு பழைய பாயையும் கட்டி வைத்திருக்கிறான்.